ஒளிகொண்டு அளத்தலும் அலைநீளத் தேர்வும்

கோதுமையை மொத்தமாக வாங்குவோர் அதன் நிறத்தையும் மணியின் பருமனையும் மட்டும் பார்ப்பதில்லை. ரொட்டி சுடுவதற்குரிய மாவில் புரதம் மிகுந்திருத்தல் வேண்டும். பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் புரதம் குறைந்த மாவே ஏற்றது. ஆதலின் நூற்றுக்கு 11 பங்கு புரதமுள்ள கோதுமைக்கும் 13 பங்கு உள்ள கோதுமைக்கும் விலை வேறு, வாங்குவோர் வேறு. கனடா நாட்டுத் துறைமுகக் களஞ்சியங்களில் ரயில் பெட்டி பெட்டியாகக் கோதுமை வந்து இறங்குகிறது. இன்ன பெட்டியை இன்ன குதிரில் கொட்டலாம் என்று அந்தக் கணமே முடிவு செய்தாக வேண்டும். புரதம் இவ்வளவு என்பதை மறுநாள் சொல்லும் இரசாயனக் கூடத்தால் அங்குப் பெரும்பயன் இல்லை. கொட்டிக் கலந்த பின் பிரிக்க இயலாது அன்றோ?

புரதத்தை அளப்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் முறை கெல்டால் என்பாருடையது. அவர் டென்மார்க்கு நாட்டில் கார்ல்ஸ்பர்க் மதுவாலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1883-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். தானியப் பொடியைக் கடுங் கந்தக அமிலத்தில் இட்டுக் கொதிக்கவைத்தால் புரதம் சிதைந்து, அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனிய உப்பாக மாறும். அதிற் காரத்தைச் சேர்த்து, வெளிப்படும் அம்மோனியாவை வடித்தெடுத்து அளக்கலாம். கோதுமையாயின் கிடைத்த நைட்ரஜன் அளவை 5.7-ஆல் பெருக்கினால் புரத அளவு வரும். இதற்கு மணிக்கணக்கிற் காலம் பிடிக்கும்; அமிலமும் காரமும் செலவாகும்; பழகிய கையும் வேண்டும்.

ஒன்று கவனிக்கத் தக்கது. இம்முறை உண்மையில் அளப்பது நைட்ரஜனையே, புரதத்தையன்று. புரதம் என்பது கணக்கிட்டுப் பெறும் முடிவு. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதை 2008-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. சீன நாட்டில் பாலில் நீரைக் கலந்து, குறைந்த புரதத்தை மறைப்பதற்காக மெலமின் என்னும் பொருளைச் சேர்த்தனர். மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் முறை அதனைப் புரதம் என்றே கணக்கிட்டது. அப்பாற்பொடியை உண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. ஒன்றை அளக்கக் கருதி அதனோடு ஒட்டிவரும் மற்றொன்றை அளக்கும்போது நேரக்கூடிய கேடு இது. இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் இதே கேடு வேறு கோலத்தில் வரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

அமிலமும் அடுப்பும் இன்றி, ஒளியைக்கொண்டே அளக்கலாகாதா என்பது பலருக்கும் எழுந்த கேள்வி. வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானூல் அறிஞர் 1800-ஆம் ஆண்டில் சூரிய ஒளியை முப்பட்டகத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லை என்று தோன்றிய இடத்திலும் வெப்பம் ஏறியது. அங்கு விழுவது இன்று அகச்சிவப்பு ஒளி எனப்படுகிறது. அதில் சிவப்பை அடுத்துள்ள பகுதிக்கு அண்மை அகச்சிவப்பு என்று பெயர். அதன் அலைநீளம் ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரை. நானோமீட்டராவது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு.

பொருள்களின் மூலக்கூறுகள் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் மெல்ல ஒலிப்பதுபோல, மூலக்கூறுகளின் பிணைப்புகளுக்கும் அடிப்படை அதிர்வும் மேலதிர்வுகளும் உண்டு. அண்மை அகச்சிவப்புப் பகுதியில் காண்பவை பெரும்பாலும் இந்த மேலதிர்வுகளும் கூட்டதிர்வுகளுமே. நீர் 1450, 1940 நானோமீட்டர் அளவிலும், மாச்சத்து 2100 அளவிலும், புரதம் 2180 அளவிலும், எண்ணெய் 2310 அளவிலும் ஒளியை நன்கு உட்கொள்கின்றன. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உட்கொள்ளப்பட்டது என்பதை வரைந்து காட்டும் கோடே நிறமாலை.

பொருள் மிகுந்தால் உட்கொள்ளும் ஒளியும் மிகும். இவ்விதி பூகர் (1729), லாம்பெர்ட் (1760), பீர் (1852) ஆகிய மூவரால் படிப்படியாக உருப்பெற்றது. தெளிந்த நீரில் ஒரே ஒரு சாயம் கரைந்திருந்தால், ஓர் அலைநீளத்தை மட்டும் நோக்கிச் சாயத்தின் அளவைச் சொல்லிவிடலாம். ஆனால் கோதுமை தெளிந்த நீரன்று. நீர், மாச்சத்து, புரதம், எண்ணெய், நார் யாவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவற்றின் மேலதிர்வுகள் கூர்மையற்று அகன்று, ஒன்றின்மேல் ஒன்று படிந்து வருகின்றன. அண்மை அகச்சிவப்பில் கோதுமையின் நிறமாலையைப் பார்ப்பவர் காண்பது மலைச்சிகரங்களை அன்று. மெல்ல ஏறி இறங்கும் மேட்டு நிலத்தையே. சிகரங்களைக்கொண்டு பொருளை அறிந்து பழகிய இரசாயன அறிஞர் பலர் இப்பகுதியை நெடுங்காலம் பயனற்றதென ஒதுக்கியிருந்தனர்.

ஒதுக்காதவர் கார்ல் நாரிஸ் (1921–2019). அவர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில், மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில்லில் பணிபுரிந்த பொறியியலார். முட்டையை உடைக்காமல் ஒளி செலுத்தித் தரம் பிரிப்பது அவர் முதலில் மேற்கொண்ட வேலைகளுள் ஒன்று. பிறகு தானியங்களின் ஈரத்தை ஒளியால் அளக்க முற்பட்டார். 1940 நானோமீட்டரில் நீர் ஒளியை உட்கொள்ளும் அளவை நோக்கினால் போதும் என எதிர்பார்த்தார்; போதவில்லை. ஒரே ஈரமுள்ள இரண்டு தானியங்கள் இரண்டு விடைகளைத் தந்தன. அவற்றிலுள்ள புரதமும் மாச்சத்தும் எண்ணெயும் இடையே புகுந்து கணக்கைக் குழப்பின. இந்த இடத்தில்தான் நாரிஸின் நுண்ணறிவு வெளிப்பட்டது. ஈரத்தை அளக்கும்போது புரதம் இடையூறு செய்யுமானால், அந்த இடையூற்றையே அளந்தால் புரத அளவு கிடைக்கும் அன்றோ? பல அலைநீளங்களில் ஒரே சமயத்தில் அளந்து, அவ்வளவுகளைத் தக்கவாறு கூட்டியும் கழித்தும் ஒவ்வொரு பொருளையும் பிரித்தறியலாம் என்பதை 1960-களில் அவரும் அவருடன் உழைத்தோரும் காட்டினர்.

வெறுங் குடத்தின் எடை

பல அலைநீளங்கள் ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 'அ' என்னும் அலைநீளத்தில் ஒவ்வொரு பங்கு புரதமும் 2 அலகும், ஒவ்வொரு பங்கு மாச்சத்தும் 3 அலகும் ஒளியை உட்கொள்வதாகக் கொள்க. 'ஆ' என்னும் அலைநீளத்தில் புரதம் ஒளியைத் தொடுவதே இல்லை. மாச்சத்து மட்டும் பங்குக்கு 3 அலகு உட்கொள்கிறது. மூன்று கோதுமை மாதிரிகள் உள்ளன. அவற்றின் புரதம் முறையே 10, 12, 14. மாச்சத்து 68, 66, 68. 'அ'வில் கிடைக்கும் அளவுகள் 224, 222, 232. புரதம் 10-லிருந்து 12-க்கு ஏறும்போது இவ்வளவு குறைகிறது. ஆகவே 'அ' தனித்து நின்றால் பொய் சொல்லும். 'ஆ'வில் கிடைப்பவை 204, 198, 204. புரதம் 10 உள்ள மாதிரிக்கும் 14 உள்ள மாதிரிக்கும் ஒரே எண். ஆகவே 'ஆ' தனித்து நின்றால் புரதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் 'அ'விலிருந்து 'ஆ'வைக் கழித்தால் 20, 24, 28 என்று வருகிறது. பாதியாக்கினால் 10, 12, 14!

இதில் வியப்பு ஒன்றுமில்லை. எண்ணெய்க் குடத்தைத் தராசில் நிறுப்பவர், வெறுங் குடத்தையும் நிறுத்துக் கழிக்கிறார். வெறுங் குடத்தின் எடையில் எண்ணெயைப் பற்றிய செய்தி எள்ளளவும் இல்லை. ஆயினும் அஃதின்றி எண்ணெயின் எடை தெரியாது.

அலைநீளங்களைத் தேர்ந்தெடுக்க முற்படுவோர் முதலில் நழுவும் இடம் இதுவே. ஒவ்வோர் அலைநீளத்தையும் தனித்தனியே எடுத்து, புரதத்தோடு அதற்குள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டு, ஒட்டுறவு மிக்கவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு செய்தால் மேற்கண்ட கணக்கில் முதலில் தள்ளுண்டு போவது 'ஆ'. குழுவாக நின்று வேலை செய்பவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டால் இவ்வாறுதான் முடியும்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு குழி உண்டு. 'அ'வுக்குத் துணையாக 'ஆ'வை எடுக்காமல், 'அ'வை ஒட்டியே நிற்கும் 'இ' என்னும் அலைநீளத்தை எடுப்பதாகக் கொள்க. அங்குப் புரதம் 1.9 அலகும் மாச்சத்து 3 அலகும் உட்கொள்கின்றன. முதல் மாதிரிக்கு 'அ' 224, 'இ' 223. வேறுபாடு 1, அதனைப் பத்தால் பெருக்கினால் புரதம் 10 என்று சரியாகவே வரும். ஆனால் கருவி எப்பொழுதும் சிறிது பிறழும். அது ஓர் அலகு பிறழ்ந்து 224-க்குப் பதில் 225 என்று காட்டினால் புரதம் 20 ஆகிவிடும்! ஏட்டில் சரியாயிருக்கும் சமன்பாடு களத்தில் உதவாது போவதற்கு இது தலையாய காரணம். ஒன்றுபோலவே பேசும் இரண்டு அலைநீளங்களை அருகருகே நிறுத்தி அவற்றின் மிகச் சிறிய வேறுபாட்டை நம்புவது, தானியத்தைவிடக் கருவியின் தடுமாற்றத்தையே அளப்பதாகும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு பார்த்தால், 1970-களில் தானியக் கருவிகளில் இடம்பெற்ற ஆறு ஒளிவடிகளின் அலைநீளங்கள் எவ்வளவு பொருத்தமானவை என்பது விளங்கும்: 1680, 1940, 2100, 2180, 2230, 2310. இவற்றில் 1940 நீருக்கு, 2100 மாச்சத்துக்கு, 2180 புரதத்துக்கு, 2310 எண்ணெய்க்கு. எஞ்சிய 1680-உம் 2230-உம் எப்பொருளுக்கும் சிறப்பாக உரியன அல்ல. அவையே வெறுங் குடங்கள். மாவு நொய்யாக அரைபட்டாலும் பருக்கையாக அரைபட்டாலும் எல்லா அலைநீளங்களிலும் அளவு ஒருசேர ஏறி இறங்கும். அவ்வேற்றத்தாழ்வைக் கழிப்பதற்கு இவ்விரண்டும் உதவும். கனடா நாட்டுத் தானிய ஆணைக்குழு 1975-ஆம் ஆண்டில் கோதுமைப் புரதச் சோதனைக்குக் கெல்டால் முறையை விட்டு இந்த ஒளிமுறையை மேற்கொண்டது. ரயில் பெட்டிகள் காத்து நிற்க வேண்டிய தேவை ஒழிந்தது.

எனினும் ஒளிமுறை கெல்டால் முறையை முற்றும் ஒழித்துவிடவில்லை. எந்த அலைநீளத்தை எவ்வளவால் பெருக்குவது என்பதைக் கருவி தானாக அறியாது. கெல்டால் முறையால் புரதம் அளந்த சில நூறு மாதிரிகளை அதற்குக் காட்டி, அவற்றின் ஒளியளவுகளோடு பொருத்தி, பெருக்கெண்களைப் பெறவேண்டும். இதுவே அளவீட்டுச் சமன்பாடு அமைத்தல். ஆகவே கெல்டால் முறையில் குறை இருந்தால் அக்குறையையும் கருவி பணிவோடு கற்றுக்கொள்ளும்.

ஆறு எழுநூறாகியது

பின்னர்க் கணிப்பொறிகள் மலிந்தன, கருவிகளும் வளர்ந்தன. 1100 முதல் 2500 நானோமீட்டர் வரை இரண்டிரண்டு நானோமீட்டராக அளக்கும் கருவி ஒரு மாதிரிக்கு 700 எண்களைத் தருகிறது. ஆறு எண்கள் இருந்த இடத்தில் எழுநூறு எண்கள் வந்தமை ஆறுதல் தரவேண்டியது, தந்தது தலைவலி. மாதிரிகளோ அறுபது அல்லது நூறு. அறியவேண்டிய பெருக்கெண்கள் எழுநூறு. சமன்பாடுகளைவிட அறியாக் கணியங்கள் மிகுந்தால் விடைகள் எண்ணிறந்தவை என்பது பள்ளிக்கணக்கு. 1805-இல் லெஜாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இங்குக் கைகொடுக்காது. கொடுத்த மாதிரிகளுக்கு அணுவளவும் பிசகாமல் பொருந்தி, புதிய மாதிரிக்குப் பெரும்பிழை காட்டும் சமன்பாடுகளை எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதற்குப் பொருளியல் துறையிலிருந்து ஒரு வழி வந்தது. ஹெர்மன் வோல்ட் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்த பகுதி மீச்சிறு வர்க்க முறையை, அவர் மகனான சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஸ்வாண்டே வோல்டும், நார்வே நாட்டு ஹரால்டு மார்ட்டென்சும் 1980-களை ஒட்டிய ஆண்டுகளில் இரசாயன அளவீட்டுக்குக் கொண்டுவந்தனர். அதன் உட்கருத்து கடினமானதன்று. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுநூறு பேர் கூடியிருக்கலாம். ஆனால் கட்சிகள் நான்கோ ஐந்தோதான். ஒவ்வொருவர் வாக்கையும் தனியே கேட்டு எடைபோடுவதை விட்டு, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பொதுவாக்கைத் திரட்டி, அந்நான்கைந்து வாக்குகளை மட்டும் எடைபோட்டால் போதும். அடுத்தடுத்த அலைநீளங்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்வதால் இம்முறை நன்கு பலித்தது. இன்று ஒளியளவீட்டுக் கூடங்களில் மிகுதியாக ஆளப்படுவது இதுவே.

எல்லா அலைநீளங்களையும் ஏற்றுக்கொள்ளும் முறை கைவந்தபின் தேர்வு எதற்கு என்று கேட்கலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் கூட்டத்தில் அவ்வழக்கைப் பற்றி ஒன்றும் அறியாத முந்நூறு பேர் நின்று சத்தமிட்டால் பொதுவாக்கும் சிறிது திரியத்தான் செய்யும். கருவி தடுமாறும் ஓரப்பகுதிகள், நீர் முழு ஒளியையும் விழுங்கிவிடும் பகுதிகள், அளக்கும் பொருளுக்குத் தொடர்பற்ற பகுதிகள் ஆகியவற்றை நீக்கினால் பிழை குறையும். கோபன்ஹேகனைச் சேர்ந்த நோர்கார்டும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பீரின் 60 மாதிரிகளை 926 அலைநீளங்களில் அளந்து, நிறமாலையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதித்தனர். தக்க ஒரு துண்டு, முழு நிறமாலையைக் காட்டிலும் பீரின் சத்தளவைச் சரியாகச் சொல்லிற்று. தேர்வுக்கு வேறொரு காரணமும் உண்டு. எழுநூறு அலைநீளங்களை அளக்கும் கருவி ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம்; உழவன் கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு ஐந்தாறு அலைநீளங்களே கட்டுப்படியாகும். எவ்வைந்து, எவ்வாறு என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்வது எளிதன்று. எழுநூற்றிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஒன்றரைக் கோடி கோடிக்கும் அதிகம். ஆறு என்ற வரம்பையும் நீக்கி, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் வழிகளின் தொகையை எழுத 211 இலக்கங்கள் வேண்டும். எல்லாவற்றையும் சோதித்து முடிக்கும் கணிப்பொறி எக்காலத்தும் வரப்போவதில்லை. ஆகவே குறுக்குவழிகள் பல பிறந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்ப்பது ஒன்று. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வருவதைப்போல அலைநீளக் குழுக்களைக் கலந்து பிறப்பித்து, வலியவற்றை வாழவிட்டு மற்றவற்றை மடியவிடுவது மற்றொன்று; இத்தாலியின் ஜெனோவா நகரத்து லியார்டி இதனை 1990-களில் வளர்த்தார். ஆண்டுதோறும் புதுப்பெயருடன் ஒரு முறை வெளிவந்துகொண்டே இருக்கிறது. அவற்றின் பெயர்களையெல்லாம் அடுக்குவதிற் பயனில்லை. இம்முறைகளிடையே உள்ள வேற்றுமையைவிட, இரண்டு பருவத்து விளைச்சல்களிடையே உள்ள வேற்றுமையே பெரிது என்பதைக் களத்தில் உழைப்போர் அறிவர்.

தேடினால் எதுவும் கிடைக்கும்

உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. 1024 பேர் ஆளுக்கு ஒரு நாணயத்தைப் பத்துமுறை சுண்டினால், அவர்களில் ஒருவருக்காவது பத்துமுறையும் தலையே விழும் என்று எதிர்பார்க்கலாம். அவரை மட்டும் மேடைக்கு அழைத்து, இவர் கையில் ஏதோ ஆற்றல் உண்டு என்று மாலையிட்டால் அஃது அறியாமை. எழுநூறு அலைநீளங்களிலிருந்து சிலவற்றைத் தேடி எடுப்போருக்கு இவ்வறியாமை எளிதில் நேரும்.

இதனை மறுக்கவொண்ணாதவாறு காட்டியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் பேராசிரியர் டேவிட் ஃப்ரீட்மன். 1983-இல் வெளிவந்த அவர் கட்டுரை சிறியது, விளைவு பெரியது. 100 வரிசையும் 51 நிரலும் கொண்ட ஓர் அட்டவணையை முற்றிலும் தற்செயலான எண்களால் நிரப்பினார். ஒரு நிரலுக்கும் மற்றொரு நிரலுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை, இல்லாதவாறே அமைத்தார். பின்னர் 51-ஆம் நிரலை மற்ற 50 நிரல்களால் விளக்க முற்பட்டார். ஐம்பதில் பதினைந்து நிரல்கள், நூற்றுக்கு 25 என்னும் தளர்ந்த அளவுகோலில் தேறின. மற்ற 35-ஐயும் நீக்கிவிட்டு, தேறிய பதினைந்தைமட்டும் வைத்து மீண்டும் கணக்கிட்டார். இம்முறை பதினைந்தில் ஆறு, நூற்றுக்கு 5 என்னும் கண்டிப்பான அளவுகோலிலும் தேறிவிட்டன! பதினைந்து வெற்று நிரல்களில் தற்செயலாக ஒன்று அவ்வாறு தேறலாம்; ஆறு தேறுவது மிக அரிது. இரண்டாங் கணக்கைமட்டும் காண்பவர், ஆறு நல்ல காரணிகள் கண்டுபிடிக்கப்பட்டன என்று நம்புவார். உண்மையில் அங்கு ஒன்றுமே இல்லை. எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்ததை அதே எண்களைக்கொண்டு சோதித்ததால் வந்த மாயம் அது.

தமிழில் தேர்வு என்னும் சொல் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலையும் குறிக்கும். மாணவரைச் சோதித்தலையும் குறிக்கும். இங்கு இரண்டையும் கலக்கலாகாது என்பதே செய்தி. வினாத்தாளை முன்னரே பார்த்து, அதிலுள்ள பாடங்களை மட்டும் நடத்திவிட்டு, அதே தாளில் மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று மகிழும் ஆசிரியரை எந்தப் பள்ளி மெச்சும்?

இக்குற்றம் வெளிப்படையாக நிகழ்வது குறைவு. பெரும்பாலும் மறைந்தே நிகழ்கிறது. நூறு மாதிரிகளையும் கொண்டு நல்ல அலைநீளங்களை முதலில் தேர்ந்தெடுத்துக் கொள்கின்றனர். அதன்பின் மாதிரிகளில் பத்தை ஒதுக்கி, எஞ்சிய தொண்ணூறைக்கொண்டு சமன்பாடு அமைத்து, ஒதுக்கிய பத்தில் சோதிக்கின்றனர்; இவ்வாறு பத்து முறை மாற்றி மாற்றிச் செய்கின்றனர். பார்ப்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் அலைநீளங்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பத்து மாதிரிகளும் அவையில் இருந்தன அல்லவா? வினாத்தாள் அப்பொழுதே கசிந்துவிட்டது. பத்தை ஒதுக்கியபின், எஞ்சிய தொண்ணூறைமட்டும் கொண்டு தேர்வையும் புதிதாகத் தொடங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அவ்வாறே செய்யவேண்டும். இவை எல்லாவற்றினும் சிறந்தது, வேறொரு பருவத்தில் வேறொரு வயலில் விளைந்த மாதிரிகளை முத்திரையிட்டு வைத்து, யாவும் முடிந்தபின் ஒரே முறை திறந்து பார்ப்பது. இரண்டாம் முறை திறந்தால் அதுவும் பழைய வினாத்தாளே.

பொய்யைப் பொய்யால் பிடிக்கும் வழிகளும் உண்டு. பிரசெல்ஸ் நகரத்து மசார் என்னும் பேராசிரியரின் குழுவினர் 1996-இல் கூறிய வழி நயமானது. உண்மையான அலைநீளங்களோடு, தாமே படைத்த வெற்றெண் நிரல்களையும் கலந்துவிடுகின்றனர். மாதிரிகளில் ஒவ்வொன்றாக நீக்கி நீக்கிக் கணக்கிடும்போது ஒவ்வொரு மாறியின் பெருக்கெண்ணும் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று பார்க்கின்றனர். வெற்றெண் நிரல்களில் மிக நிலையாக நின்றதைக் காட்டிலும் நிலையாக நில்லாத எந்த அலைநீளமும் தள்ளப்படும். பொய்ச்சாட்சிகள் என்று தெரிந்தே சிலரைக் கூண்டிலேற்றி, அவர்களைவிட உறுதியாகப் பேசாத எவரையும் நம்புவதில்லை என்று விதிப்பது போன்றது இது. மற்றொரு வழி இன்னும் எளிது. புரத அளவுகளைச் சீட்டுக்கட்டைப்போல் கலைத்து, தொடர்பற்ற மாதிரிகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தேர்வு முறை முழுவதையும் மீண்டும் நடத்திப் பார்ப்பது. கலைத்த எண்களுக்கும் நல்ல சமன்பாடு கிடைத்தால், கலைக்காத எண்களுக்குக் கிடைத்த சமன்பாட்டையும் ஐயுறவேண்டும். லியார்டி தம் முறை எந்த இடத்தில் வழிதவறத் தொடங்குகிறது என்பதை இவ்வாறுதான் சோதித்தார்.

தானியத்தில் பிழை நேர்ந்தால் வணிகனுக்குப் பண இழப்பு, அவ்வளவே. இதே முறை மனித உடம்புக்கு வந்தபோது நிலைமை வேறாகியது. நீரிழிவு நோயுடையோர் நாள்தோறும் விரலைக் குத்திக் குருதி எடுத்துச் சர்க்கரையை அளக்கின்றனர். குத்தாமல், தோலின் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி அளக்கலாகாதா என்னும் முயற்சி 1980-களிலிருந்தே நடந்துவருகிறது. குருதியில் சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 0.1 பங்குதான். சூழ நிற்பதோ பெருவெள்ளமாகிய நீர். உடல் வெப்பம் சிறிது மாறினும் நீரின் நிறமாலை இடம்பெயரும். அவ்வளவு சிறிய குரலை அவ்வளவு பெரிய இரைச்சலில் கேட்க முயன்றோருக்கு நூற்றுக்கணக்கான அலைநீளங்களும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறைகளும் பெருந்துணையாகத் தோன்றின. நல்ல விடைகள் வந்தன என்று அறிக்கைகளும் வெளிவந்தன.

அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்து மார்க் ஆர்னால்டும் உடனுழைத்தோரும் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மனிதத் தசையை ஒத்த செயற்கைக் கலவைகளை அமைத்து நிறமாலைகளை எடுத்தனர். அக்கலவைகளில் சர்க்கரை துளியும் இல்லை. எனினும், சர்க்கரை நீர் அருந்திய ஒருவரின் குருதியில் அது மெல்ல ஏறி மெல்ல இறங்குவது போன்ற எண்களை அந்நிறமாலைகளுக்கு வரிசையாகச் சூட்டி, அளவீட்டுச் சமன்பாடு அமைத்தனர். இல்லாத சர்க்கரையைச் சமன்பாடு அளந்து காட்டியது! காரணம் காலத்தில் இருந்தது. நேரம் செல்லச் செல்லக் கருவியும் சூழலும் மெல்ல மாறுகின்றன. சர்க்கரையும் நேரத்தோடு மெல்ல மாறுவதாக எண்கள் கூறின. நேரத்தோடு மாறும் எதையும் சர்க்கரை என்று சமன்பாடு கற்றுக்கொண்டது. மாதிரிகளின் வரிசையைக் கலைத்து அளந்தபோது அந்த மாயச் சர்க்கரை மறைந்துபோயிற்று.

அதன்பின் கால் நூற்றாண்டு கழிந்தும் அம்முயற்சி கைகூடவில்லை. விற்பனை மட்டும் முந்திக்கொண்டது. தோலைக் குத்தாமலே குருதிச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் பல நாடுகளில் விலைக்கு வந்தன. அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. தோலைத் துளைக்காமல் தாமாகவே சர்க்கரையை அளக்கும் கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ தான் அனுமதி வழங்கியதில்லை என்றும், அவை காட்டும் தவறான எண்ணை நம்பி இன்சுலினையோ வேறு மருந்தையோ அளவு மீறி எடுத்துக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் மயக்கமோ மரணமோ நேரலாம் என்றும் அது தெரிவித்தது.